தேயும் ரூபாயும் தேயாத எண்ணும்

ரூபாய் நோட்டின்மீது பொறித்த எண் மாறுவதில்லை. அதைக் கொடுத்துப் பெறும் அரிசியின் அளவே மாறுகிறது. இதனை அறியப் பொருளாதார சாஸ்திரம் கற்க வேண்டுவதில்லை. கலவைக் கடைத்தெருவில் பத்து ரூபாயுடன் நின்று பார்த்தாற் போதும்.

நாணயத்தின் சரித்திரம் கலவைவாசிகளுக்கு அந்நியமன்று. அண்மையிலுள்ள ஆற்காட்டின் பெயர் தாங்கிய வெள்ளி ரூபாய் 18ஆம் நூற்றாண்டில் தென்னாட்டில் செலாவணியாயிருந்தது. 1835இல் கம்பெனியார் வகுத்த ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் அது பாதியாயிற்று. 1947இல் வெள்ளி ஒழிந்து நிக்கல் வந்தது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்துடன் நாலணாவாகிய 25 காசும் செல்லாக்காசாயிற்று. ரூபாய் என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

அண்டை நாடான சீனத்தின் கதை இதனினும் கொடிது. யுத்தச் செலவுக்காக அங்குள்ள சர்க்கார் நோட்டுகளை மலைபோல் அச்சிட்டது. அதன் பயனாக, 1948 ஆகஸ்டில் 30 லட்சம் பழைய நோட்டுக்கு ஒரு தங்க யுவான் என்று மாற்ற நேர்ந்தது. ஓராண்டு நிறையுமுன் அந்தத் தங்க யுவானும் மதிப்பிழந்தது. பின்வந்த ஆட்சியும் 1955இல் பழைய 10,000 யுவானுக்குப் புதிய யுவான் ஒன்று எனக் கணக்கிட்டது. 1994இல் மீண்டும் ஓராண்டில் ஏறக்குறைய 24 விழுக்காடு விலை ஏறிற்று.

நம் நாட்டில் அத்தகைய பிரளயம் நேரவில்லை என்று ஆறுதல் கொள்வோர் உளர். வெள்ளம் அடித்துச் சென்றாலென்ன, கறையான் அரித்தாலென்ன, போன வீடு போனதுதானே? ஆண்டுக்கு 5 விழுக்காடு விலை ஏறினால், பத்தாண்டில் 1,000 ரூபாயின் வாங்கும் சக்தி 614 ரூபாயாகக் குறைகிறது. வியாபாரி விலையை உயர்த்திக் கொள்வார். நிலமுடையவர் நிலத்தின் மதிப்பால் தப்புவார். நிலையான தொகையை நம்பியவரே நஷ்டமடைகின்றனர். சட்டசபையில் விவாதமின்றி ஏழையிடம் வசூலிக்கப்படும் வரி இது.

ராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரங்களின் தோல் பதனிடும் சாலைகளில், சுண்ணாம்புத் தொட்டியருகே உழைத்து ஓய்வுபெறும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ், குறைந்தபட்ச மாத ஓய்வூதியம் 1,000 ரூபாய் என 2014 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. பத்தாண்டு கழிந்து 2024லும் அதே 1,000 ரூபாய்தான்! மத்திய சர்க்கார் ஊழியருக்கோ ஆண்டுக்கு இருமுறை விலைவாசிக் குறியீட்டை நோக்கிப் பஞ்சப்படி திருத்தப்படுகிறது. அது நியாயமே, அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அரிசி விலை இருவருக்கும் ஒன்றாயிருக்க, நியாயம் மட்டும் இரண்டாயிருப்பது எங்ஙனம்?

நிதி தாங்காது என்பர் சிலர். நிதிக்கு வருவாய் தேடுவது சர்க்காரின் கடன். தள்ளாத வயதில் வேறு வருவாய் தேட அத்தொழிலாளிக்கு வழியுண்டோ? முழுத் திருத்தம் ஒரே நாளில் இயலாதெனில், குறைந்தபட்சத் தொகையையேனும் விலைவாசிக் குறியீட்டுடன் சட்டத்தால் பிணைக்கட்டும்.

கிழவர் ஒருவர் வாழ்நாளெல்லாம் உழைத்துப் பெற்ற வாக்குறுதி, காகிதத்தில் முழுதாகவும் கடைத்தெருவில் அரையாகவும் இருத்தல் தகாது. எண்ணைக் காப்பது அச்சுக்கூடத்தின் வேலை. அதன் மதிப்பைக் காப்பதே அரசின் தருமம்.