அரை விநாடிச் சுழற்சி

செய்யூருக்குப் பக்கத்தில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திடல். பாரதக் கூத்து, கடைசி இரவு. மண்ணில் உட்கார்ந்து விடிய விடியப் படம் எடுத்தேன்.

கூத்தை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் துரியோதனன் சிலை மாதிரி நிற்பான். கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடிச் சில்லை எண்ணிவிடலாம். அவன் சுழன்ற சுழற்சிதான் இருக்காது. சுற்றி உட்கார்ந்திருந்த சனமும் இருட்டில் கரைந்திருக்கும். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தாலோ ஆளே புகையாகிவிடுவார்.

இரண்டையும் சேர்க்க வேண்டும். ஷட்டரை அரை விநாடி திறந்து வைத்தால், திடலின் மஞ்சள் விளக்கு கூத்தாடுபவரின் பாவாடையை வளையமாக இழுக்கும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத ஃபிளாஷ் முகத்தைப் பிடித்து நிறுத்தும். 1949-இல் புகைப்படக்காரர் ஜோன் மிலி, பிக்காசோ சின்ன விளக்கால் காற்றில் வரைந்ததை லைஃப் பத்திரிகைக்கு எடுத்தது இருட்டறையில் ஷட்டரைத் திறந்து வைத்துத்தான். கோடு விளக்கு போட்டது. பிக்காசோவின் உருவம் ஃபிளாஷ் தந்தது.

ஷட்டருக்கு இரண்டு திரை. வழக்கமாக முதல் திரை திறந்ததுமே ஃபிளாஷ் அடித்துவிடும். அதன் பிறகான அசைவெல்லாம் ஆளுக்கு முன்னால் விழுந்து, அவர் பின்பக்கமாக ஓடுவதுபோல் தெரியும். இரண்டாம் திரை மூடும் தறுவாயில் அடிக்கும்படி மாற்றிவைத்தால் சுழற்சி அவருக்குப் பின்னால் வரும். ஆனால் அரை விநாடி கழித்து அவர் முகம் எங்கே திரும்பியிருக்கும்? அதைக் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். மத்தளம், அடியை முடிக்கும் தீர்மானத்துக்கு ஏறும்போது சலங்கை இறுகும். அந்த இடத்துக்கு ஒரு தட்டு முன்னால் அழுத்த வேண்டும். நள்ளிரவு வரை தவறவிட்டேன். பிறகு காது பழகியது.

ஃபிளாஷ் அடிக்கலாமா என்று ஆரம்பிக்கும் முன்பே கூத்து வாத்தியாரிடம் கேட்டிருந்தேன்.

“அடி தம்பி. ஆனா நேரா கண்ணுல அடிக்காத. சுத்தும்போது கூசினா கால் தவறிடும்.”

எல்லாக் கணக்கையும்விட அந்த வார்த்தை எனக்குப் பெரியது. ஃபிளாஷைக் கழற்றி, பக்கவாட்டில் உயரப் பிடித்து, வெளிச்சத்தைக் குறைத்தேன். கண்ணாடிச் சில்லுகள் லென்சுக்குள் திருப்பி அடிப்பதும் அதோடு நின்றது.

விடிந்ததும் படுகளம். தரையில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடந்தான். அந்த வெயிலில் ஷட்டரை அரை விநாடி திறந்தால் படம் முழுக்க வெளுத்துவிடும். ஃபிளாஷைப் பைக்குள் வைத்துவிட்டு, சனத்தோடு போய் நின்றேன்.