உறைபனிக்கு முன்னே

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மார்கழியிலும் சட்டை நனைய வியர்த்து நிற்கும் நமக்கு, கொச்சியில் ஏலத்துக்கு வரும் தேயிலையை ஈன்ற மூணாறு மலைகளில் அதே மாதத்து இரவுகள் எவ்வளவு கொடியவை என்பது எளிதில் புலப்படுவதில்லை. மேகமற்ற ஆகாயமும் காற்றசையாத நிசப்தமும் கூடிய இரவில் பூமியின் உஷ்ணம் மேலேறிப் போய்விட, கொழுந்தின் மீது வெண்படலமாக உறையும் பனி, காலைச் சூரியன் பட்ட சில நாழிகைக்குள் இலையைத் தீய்ந்த பழுப்பாக்கிவிடுகிறது. 2019 ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியபோது தோட்டங்கள் இவ்விதமே கருகின. இதே உறைபனி விழும் உதகையின் தாவரவியல் பூங்காவில், பனிக்கு முன்னரே மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளைக் கொண்டு மூடியும், விடியலில் நீர் தெளித்தும் சம்ரட்சிக்கிறார்கள். செடிக்குச் செய்யும் இந்த முன்னேற்பாடு மெச்சத்தக்கதே. ஆனால் மூணாறில் தோட்டக் குடியிருப்பான லயத்தின் ஒற்றை அறையில் அடுப்புச் சூட்டை நம்பி உறங்கி, விடிந்ததும் விரல் விறைக்கக் கொழுந்து கிள்ளப் போகும் தொழிலாளிக்கு யார் முன்னேற்பாடு செய்கிறார்கள்? செடி கருகினால் கிலோக் கணக்கில் கிடைக்கும் உபரிக் கூலியும் போய்விடுகிறதே! கம்பளியையும், வெயிலேறிய பின் தொடங்கும் வேலை நேரத்தையும், கருகிய நாட்களுக்கான ஈட்டுத் தொகையையும் தோட்ட நிர்வாகங்கள் கார்த்திகையிலேயே உறுதிசெய்ய வேண்டும். அதைக் கொச்சித் தேயிலை வியாபாரிகளும் கூடி நின்று வற்புறுத்த வேண்டும்.