ஊற்றுக்கண் திறந்த காணி



மீள்குடியேறி வந்த அக்கா ஒருவர் தனது காணியைக் காட்டி, "இந்த மண் இனி எதுக்கு உதவும்?" என்று கேட்டார். நட்டு வளர்த்த மரங்கள் இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. எங்கும் பற்றை. அன்று அவருக்குச் சொன்னதை இம்முறை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரேசில் நாட்டில் பாகியா என்றொரு மாநிலம் உண்டு. அதன் தெற்குப் பகுதி, அத்திலாந்திக் கடலோரத்து மழைக்காட்டுப் பிரதேசம். குன்றும் பள்ளமுமான நிலம். 1984 இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஏர்ன்ஸ்ட் கோட்ச் என்பவர் அங்கே ஏறக்குறைய 500 ஹெக்டேயர், அதாவது 1,200 ஏக்கருக்கும் மேற்பட்ட காணியில் குடியேறினார். காட்டை வெட்டி, எரித்து, மரவள்ளி நட்டுக் களைத்துப்போன மண் அது. ஓடைகள் வற்றியிருந்தன. 'வறண்ட நிலத்தை விட்டு ஓடியவர்கள்' என்பதே அந்தக் காணியின் பழைய பெயர்!

மழைக்காட்டு மண் கொழுத்த மண் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அங்கே பெரும்பாலும் மண்ணின் சத்து குறைவு. சத்தெல்லாம் மரங்களிலும், விழுந்து உக்கும் சருகிலும் இருக்கிறது. காட்டை வெட்டி எரித்தால் சாம்பலின் பலன் ஓரிரு போகத்துக்குத்தான். பிறகு சரிவில் விழும் மழை மேல்மண்ணையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

கோட்ச் எரிக்கவில்லை. கெதியாய் வளரும் செடிகளையும் வாழையையும் முதலில் வளர்த்தார். அவற்றினிடையே நெடுங்காலம் நிற்கும் மரங்களை வைத்தார். உயர்ந்த மரங்கள் மேலே, அவற்றின் நிழலில் கொக்கோ என்று அடுக்கடுக்காய்ப் பயிர் செய்தார். அடிக்கடி கிளைகளைக் கவ்வாத்துப் பண்ணி, வெட்டியதை அங்கேயே நிலத்தில் பரப்பினார். வெளியிலிருந்து பசளை வாங்கிப் போடவில்லை.

சருகு மூடிய மண் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சியது. மேட்டில் இறங்கிய நீர் பள்ளத்தில் கசிந்தது. ஆண்டுகள் செல்ல, 14 நீரூற்றுகள் மீண்டும் ஓடத் தொடங்கின. காணியின் பெயரும் மாறியது. புதுப் பெயரின் பொருள் 'நீரின் கண்கள்'. நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம்!

எங்கள் வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ மழைக்காடு இல்லை, கொக்கோவும் வேண்டாம். ஆனால் மண்ணை மூடிவைக்கும் பாடம் எங்களுக்கும் பொருந்தும். கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதியான காணியில் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். முற்றம் கூட்டிய சருகை எரிக்காதீர்கள். குலை வெட்டிய வாழைத் தண்டைத் துண்டாக்கி, தென்னை, மாமரத்தைச் சுற்றி, அடிமரத்தில் முட்டாமல் பரப்புங்கள். மாரி தொடங்கும்போது வேலியோரம் சீமைக்கிளுவைத் தடிகளை நடுங்கள். தழைத்ததும் வெட்டி மண்ணுக்கே கொடுங்கள். சரிவான இடமென்றால் குறுக்கே சிறு வரம்பு கட்டுங்கள். ஓடும் நீர் நின்று இறங்கும்.

இது ஒரு மாரியில் முடியும் வேலையல்ல. பாகியாவிலும் பல வருடங்கள் சென்றன. அந்த அக்கா இப்போது சருகு எரிப்பதில்லை. ஒரு மூலையில் பத்து வாழை வைத்திருக்கிறார். "மண்வெட்டி போட்டால் மண்புழு வருகுது" என்று போனமுறை சொன்னார். நல்ல தொடக்கம்தான், சகோதரிகளே. உங்கள் வளவிலும் ஒரு மூலையில் தொடங்கிப் பாருங்கள்.