பந்தய டயரும் மழைச் சாலையும்

அமெரிக்காவில் ஒரு விந்தையான கார்ப் பந்தயம் உண்டு. அதற்கு 'டிராக் ரேஸ்' என்று பெயர்.

வளைவு கிடையாது. திருப்பம் கிடையாது. ஒரே நேர்கோடு. தூரம் பெரும்பாலும் கால் மைல்தான். அதாவது, சுமார் 402 மீட்டர். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் பந்தயம் முடிந்துவிடும்!

இதில் ஓடுபவை எல்லாம் தனிப் பந்தயக் கார்கள் அல்ல. வாரம் முழுவதும் வேலைக்கும் கடைக்கும் போகும் காரையே விடுமுறை நாளில் பந்தயத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் ஏராளம்.

அவர்கள் முன் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு. எந்த டயரைப் போடுவது?

இது ரப்பரைப் பற்றிய கேள்விபோல் தோன்றும். உண்மையில் இது உயிரைப் பற்றிய கேள்வி.

தெருவிலிருந்து திடலுக்கு

ஒரு காலத்தில் அமெரிக்க வாலிபர்கள் ஊர்த் தெருக்களிலேயே இந்தப் பந்தயத்தை நடத்தினார்கள். வழியில் போகிறவர்களுக்கு ஆபத்து. ஓட்டுகிறவர்களுக்கும் ஆபத்து.

இதை மாற்ற விரும்பினார் வாலி பார்க்ஸ் என்பவர். 1951-ம் ஆண்டில் 'நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். 1953-ல் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பொமோனாவில் அந்தச் சங்கத்தின் முதல் பந்தயம் நடந்தது. தெருவில் நடந்த பந்தயம் திடலுக்குப் போயிற்று. அதற்கென்று விதிகள் வந்தன. பாதுகாப்புச் சோதனைகளும் வந்தன.

பந்தயம் திடலுக்குப் போய்விட்டது. ஆனால் பந்தய டயர் தெருவுக்கு வந்துவிட்டது!

மொட்டை டயர்

டிராக் பந்தயத்தில் வேகத்தைவிடப் பிடிப்புதான் முக்கியம். என்ஜினில் எவ்வளவு பலம் இருந்தாலும், சக்கரம் தரையைப் பற்றாவிட்டால் என்ன பயன்? நின்ற இடத்திலேயே சக்கரம் சுழலும். புகை வரும். கார் நகராது.

அதனால் பந்தயக்காரர்கள் மொட்டை டயரைப் போட்டார்கள். அதில் கோடு இல்லை, பள்ளம் இல்லை. முழு ரப்பரும் தரையில் படியும். ரப்பரும் மிக மிருதுவானது. சூடு ஏறினால் பசைபோல் ஒட்டும்.

ஆனால் மொட்டை டயரோடு பொதுச் சாலையில் போகச் சட்டம் இடம் தராது. அப்படியானால் வீட்டிலிருந்து பந்தயத் திடலுக்குக் காரை ஓட்டிச் செல்வது எப்படி?

இதற்குக் கண்ட வழிதான் 'டிராக் ரேடியல்' டயர். ரப்பர் பந்தயத்துக்கு உரியது. மேலே பெயருக்குச் சில பள்ளங்கள் வெட்டியிருக்கும். பக்கவாட்டில் 'டி.ஓ.டி.' என்ற முத்திரை இருக்கும். அரசாங்கம் விதித்த பாதுகாப்பு அளவுக்கு இந்த டயர் பொருந்துகிறது என்று கம்பெனி தரும் உறுதிமொழியே அந்த முத்திரை.

2018-ம் ஆண்டு மாடலாக டாட்ஜ் கம்பெனி 'டீமன்' என்ற காரை விற்றது. அதன் பலம் 840 குதிரை சக்தி வரை போகும். தொழிற்சாலையிலிருந்தே டிராக் ரேடியல் டயரோடு அது வெளிவந்தது. அந்த அளவுக்கு இந்த டயர் செல்வாக்குப் பெற்றுவிட்டது!

மழை வந்தால்?

சாதாரண டயரில் ஏன் அவ்வளவு பள்ளங்கள்? அழகுக்காக அல்ல. மழையில் சாலை மீது நிற்கும் தண்ணீரை அந்தப் பள்ளங்கள் வாங்கி, பக்கத்தில் தள்ளிவிடும். அப்போதுதான் ரப்பர் தரையைத் தொடும்.

பள்ளம் குறைந்தால் தண்ணீருக்குப் போக வழி இல்லை. டயருக்கும் தரைக்கும் நடுவில் அது புகுந்துகொள்ளும். கார் தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக் பிடித்தாலும் நிற்காது. ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது.

பலர் பின்சக்கரங்களுக்கு மட்டும் டிராக் ரேடியல் போடுகிறார்கள். மழையில் பின்பக்கம் முதலில் வழுக்கினால் என்ன ஆகும்? கார் பம்பரமாகச் சுழலும்! எதிரே வரும் காரில் குழந்தைகள் இருக்கலாம். அவர்கள் எந்தப் பந்தயத்திலும் சேர்ந்தவர்கள் அல்லவே!

குளிரும் இந்த டயருக்குப் பகை. சூட்டில் ஒட்டுகிற ரப்பர், கடுங்குளிரில் விறைத்துப் பிடிப்பை இழக்கும். உறைபனிக் குளிரில் சில வகை ரப்பர் வெடிப்பு விடுவதும் உண்டு.

பந்தயத் திடலின் தரையில் பசை தெளித்திருப்பார்கள். பொதுச் சாலையில் பசை ஏது? திடலில் கிடைத்த பிடிப்பு தெருவிலும் கிடைக்கும் என்று நம்புவது பேதைமை.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒரு பொருள் எல்லாக் காலத்துக்கும் ஏற்றதாகிவிடாது. டி.ஓ.டி. முத்திரை, மழைக்குக் குடை அல்ல.

படித்துப் பார்த்து வாங்குக

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளே பல உண்மைகளைச் சொல்லும்.

'275/60 ஆர் 15' என்று இருந்தால், டயரின் அகலம் 275 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 60 பங்கு. 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது உள்வட்டத்தின் அங்குலம்.

அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களில் தேய்மான எண்ணும் இருக்கும். 200 எண் உள்ள டயர், சோதனையில் 100 எண் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு தாங்கியது என்று பொருள். குடும்பக் கார் டயர்களில் 400, 500 என்ற எண்களைப் பார்க்கலாம். டிராக் ரேடியல் டயர்கள் பலவற்றில் வெறும் 00 என்றே இருக்கும்! விலை கொடுத்து வாங்கியது விரைவில் தேய்ந்துபோகும் என்பதற்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமா?

டி.ஓ.டி. வரிசையின் கடைசி நான்கு எண்கள் டயரின் வயதைச் சொல்லும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பழைய சரக்கைப் புதியது என்று தலையில் கட்டப் பார்க்கும் இடத்தில் இந்த நான்கு எண்கள் கைகொடுக்கும்.

எது நல்லது?

தினமும் காரில் போகிறவர், மழையும் குளிரும் உள்ள ஊரில் இருக்கிறவர், சாதாரண டயரோடுதான் சாலையில் போகவேண்டும். பந்தய டயர்களை வேறு சக்கரங்களில் மாட்டிக் காரிலேயே எடுத்துப் போகலாம். திடலில் மாற்றிக்கொள்ளலாம். பந்தயம் முடிந்ததும் பழையபடி மாற்றிவிடலாம். சிரமம் அரை மணி நேரம்தான்.

வெயில் நாளில் மட்டும், எப்போதாவது ஒருமுறை, அருகில் உள்ள திடலுக்குப் போய் வருகிறவருக்கு டிராக் ரேடியல் பொருந்தும். அவரும் வானத்தைப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கவேண்டும். மழை பிடித்தால் ஓரமாக நிறுத்திக் காத்திருக்கவேண்டும்.

இன்னொன்றும் மறக்கக்கூடாது. பிடிப்புக்காகத் திடலில் டயரின் காற்றைக் குறைப்பார்கள். சிலர் 20 பவுண்டுக்கும் கீழே இறக்குவது உண்டு. அப்படியே வீட்டுக்குக் கிளம்பக்கூடாது. சாலைக்கு வேண்டிய காற்றை நிரப்பிய பிறகே புறப்படவேண்டும்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது பழமொழி. ஒரே டயர் பந்தயத்திலும் வெல்லவேண்டும், மழையிலும் காக்கவேண்டும், நெடுநாளும் உழைக்கவேண்டும் என்றால் நடக்காது. ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

விட்டுக்கொடுப்பது பந்தயத்தின் அரை வினாடியாக இருக்கட்டும். தோற்றவர் அடுத்த வாரமும் ஓடலாம். மழைச் சாலையில் போன உயிருக்கு அடுத்த வாரம் கிடையாது.