கல்லூரிச் சம்பளம்

ஆனி பிறந்தால் சித்தூர்ச் சாலைகளில் மாங்காய் வண்டிகள் வரிசை பிடிப்பதும், நம்மவர் இல்லங்களில் கல்லூரிச் சம்பளத்தைப் பற்றிய பேச்சு எழுவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. மாங்கூழ் எடுக்கும் தொழிற்சாலைகளின் வாயிலில் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் இரவு பகலாக நிற்கும். காய்க்கு நல்ல விலை கிடைத்தால் தோட்டக்காரர் வீட்டில் மட்டுமன்று, எடை போடுபவர், லாரி ஓட்டுபவர், கூலி வேலை செய்பவர், சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவர் ஆகிய எல்லோர் வீட்டிலும் பிள்ளையின் முதல் தவணையைக் கட்டிவிடலாம். விலை விழுந்தால் அந்தத் தவணையும் சேர்ந்தே விழும். 2025ஆம் ஆண்டுக் கோடையில் விலை சரிந்தபோது, கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 8 ரூபாயைத் தொழிற்சாலைகளும் 4 ரூபாயை அரசும் தருவதென ஆந்திர அரசு அறிவித்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். அறிவித்த பணம் கைக்கு வந்து சேரும்வரை கல்லூரி அலுவலகம் காத்திருக்குமா என்பதே அன்று பல வீடுகளில் எழுந்த கேள்வி.

இதைப் பற்றி எழுதுமாறு அன்பர்கள் சிலர் நம்மிடம் கேட்டு வந்தனர். எழுதத் தொடங்குமுன், இந்த மண்ணிலேயே படித்த ஒரு மாணவரை நினைத்துக்கொள்வோம். டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டில் திருத்தணிப் பகுதியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் படித்த பள்ளிகளுள் ஒன்று திருப்பதியில் இருந்த லுத்தரன் மிஷன் பள்ளி. பிறகு வேலூர் ஊரீஸ் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. உபகாரச் சம்பளத்தின் துணைகொண்டே அவர் படிப்பு நடந்தது. தத்துவத்தை அவர் பாடமாக எடுத்துக்கொண்டதற்கும் பணமுடையே காரணம் என்பர். அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம்முடைய தத்துவப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டார், புத்தகம் வாங்கும் செலவு மிச்சமாயிற்று, பாடமும் முடிவாயிற்று. திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை என்று அவர் நடந்த வழியில்தான் இன்றும் நம் பிள்ளைகள் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வருகின்றனர். ஆனால் அந்நாளில் புத்தகத்தின் விலை ஒரு படிப்பையே தீர்மானித்தது. இந்நாளில் புத்தகச் செலவு மொத்தத்தில் ஒரு மூலைக்குக்கூட வருவதில்லை. சம்பளம், விடுதி, பஸ், மடிக்கணினி, தேர்வுக் கட்டணம், இவற்றோடு ‘இதர வகை’ என்று ரசீதில் ஒரு வரி. இந்த இதர வகையைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

சித்தூரில் நாம் நன்கறிந்த ஓர் இல்லம் உண்டு. குடும்பத் தலைவர் குடியாத்தத்துக்காரர். இருபது ஆண்டுகளாக இங்கே ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறார். மாதச் சம்பளம் 22,000 ரூபாய். மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. மகள் இவ்வாண்டு மேனிலைத் தேர்வு எழுதினாள். இவ்விருவர் கதையில் நம் வாசகர் இல்லங்கள் பலவும் அடங்கும் என்பதால், அவ்வீட்டாரின் இசைவோடு அதையே இங்கு விரித்துச் சொல்கிறோம்.

முதலில் மகன். கன்வீனர் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. ஆந்திரத்தில் தனியார் பொறியியல் கல்லூரிகளில் நூற்றுக்கு 70 இடங்கள் இவ்வகை. எஞ்சிய 30 நிர்வாகத்தின் கையில். அரசு கல்லூரிச் சம்பளத்தை ஈடுசெய்யும் திட்டம் 2008ஆம் ஆண்டளவில் இராஜசேகர ரெட்டி ஆட்சியில் விரிவடைந்து, பின்னர் வெவ்வேறு பெயர்களில் தொடர்ந்துவருவது யாவரும் அறிந்ததே. அதற்கென விதித்த குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை இலட்சம். நம் அன்பரின் வருமானமோ 2,64,000. பதினாலாயிரம் ரூபாய் மிகுதியால் அவருக்கு ஒன்றும் இல்லை என்றாயிற்று. வரம்பென்று ஒன்றிருந்தால் அதன் விளிம்பில் யாரேனும் நிற்கத்தான் நிற்பர். ஆனால் நிற்பவருக்கு அந்த நியாயம் வயிற்றை நிரப்புவதில்லை.

வரம்புக்குள் இருப்பவர்களும் கவலையற்று இருந்துவிடவில்லை. இப்பணம் இடையில் சில ஆண்டுகள் தாயாரின் வங்கிக் கணக்குக்கு வந்தது. 2024இல் ஆட்சி மாறியபின் கல்லூரிக்கே நேரே செலுத்துவதென்றாயிற்று. இரண்டு முறையிலும் தவணைகள் நிலுவையில் நின்றதுண்டு. நிலுவையைக் காரணம் காட்டிச் சான்றிதழைத் தர மறுக்கும் கல்லூரிகளைப் பற்றியும் கேள்விப்படுகிறோம். மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அந்த அறிவிப்பின் படியொன்றைக் கையில் கொண்டுபோவது நலம். வாயால் வாதாடுவதைவிடத் தாள் பயன்படும். நன்கொடை என்ற பெயரில் ரசீதில்லாமல் கேட்கும் பணமும் அப்படியே. அதைத் தடைசெய்யும் சட்டம் ஆந்திரத்தில் 1983 முதல் இருக்கிறது.

மகனுக்காக நம் அன்பர் வங்கிக் கடன் வாங்கினார். நான்கு இலட்சம் வரையில் ஈடோ பிறர் பிணையோ வேண்டாம் என்பது பொதுவிதி. ஏழரை இலட்சம் வரையில் பிணையாளி வேண்டுவர். அதற்கு மேற்பட்டால் சொத்து. இவர் ஆண்டுக்கு ஓர் இலட்சமாக நான்கு இலட்சத்தோடு நிறுத்திக்கொண்டார். நல்ல முடிவே. எனினும் அந்தக் கடன் எப்படி வளர்கிறது என்பதை இவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. கணக்கின் எளிமைக்காக வட்டியை நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். படிப்பு நான்கு ஆண்டு, அதன்பின் ஓராண்டு தவணை இல்லை. முதல் இலட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, பிறகு மூன்று, பிறகு இரண்டு. கூட்டினால் 1,40,000. அதாவது பையன் முதல் தவணை கட்டுமுன்பே நான்கு இலட்சம் 5,40,000 ஆகிவிடும். பத்தாண்டில் அடைப்பதாயின் மாதம் 7,100 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். இடையில் வட்டியை மட்டும் கட்டிவந்தால் மாதம் 5,300 ரூபாயோடு தீரும். அப்படிக் கட்டுவோர்க்கு வட்டியில் ஒரு சதவீதம் குறைப்பதும் வழக்கம்.

இதைக் கேள்விப்பட்ட வீட்டு அம்மையார் இட்லி மாவு அரைத்து விற்று வட்டியைக் கட்டத் தொடங்கினார். முதலாண்டில் மாதம் எண்ணூற்றுச் சொச்சம், இரண்டாமாண்டில் ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். விடியற்காலை நான்கு மணிக்குக் கிரைண்டர் ஓடும். இரண்டாண்டு இப்படிக் கட்டியபின், நம் சங்கத்துக்கு வந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் பேச்சுவாக்கில், “வட்டி மானியத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களா?” என்று கேட்டார். மத்திய அரசின் அம்மானியம் 2009 முதல் இருக்கிறது. குடும்ப வருமானம் நாலரை இலட்சத்துக்கு உட்பட்டு, தொழிற்படிப்பாகவும் தரச்சான்று பெற்ற கல்லூரியாகவும் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியையும் அதன்பின் ஓராண்டு வட்டியையும் அரசே ஏற்கும். கடன் கொடுத்த கிளையில் எவரும் இதைச் சொல்லவில்லை. இவர்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. வருமானச் சான்றோடு இப்போது விண்ணப்பித்திருக்கின்றனர். விடை இன்னும் வரவில்லை. “எங்களிடம் சொல்லியிருந்தால் அந்தப் பணத்தில் பெண்ணுக்கு ஓராண்டுச் சம்பளம் கட்டியிருப்பேனே, ஐயா!” என்று அம்மையார் நம்மிடம் சொன்னபோது நமக்கு மறுமொழி தோன்றவில்லை. 2024 நவம்பரில் வித்யாலட்சுமி என்ற பெயரில் வந்த புதிய திட்டத்தையும் வாசகர் கேட்டறிக. தரவரிசையில் முன்னிற்கும் கல்லூரிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஈடும் பிணையும் வேண்டாம். எட்டு இலட்சம் வரை வருமானமுள்ளவர்க்குப் பத்து இலட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் மூன்று சதவீதச் சலுகையும் உண்டு.

சீட்டைப் பற்றியும் ஒரு சொல். நம்மவர் பலர்க்கு வங்கியைவிடச் சீட்டே பழக்கம். இருபது பேர், தலைக்கு ஐயாயிரம், மாதம் ஓர் இலட்சம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பதிவுசெய்த சீட்டாக இருக்குமளவில். ஆனால் ஆனியிலும் ஆடியிலும் எல்லோர்க்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டியிருப்பதால் ஏலத்தில் தள்ளுபடி ஏறிப்போகிறது. முப்பதாயிரம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது எழுபதாயிரமே. வட்டிக்கடையில் நூற்றுக்கு இரண்டு என்று கேட்கும்போது சிறியதாகத் தோன்றுவதும் இத்தகையதே. அது மாத வட்டி. ஆண்டுக்கு இருபத்துநான்கு ஆகிறது. நகையை வங்கியில் வைப்பது இவ்விரண்டினும் மேல்.

இனி மகள். இவள் கதையில்தான் நம் போன்ற எல்லைப்புறத்தார்க்கே உரிய சிக்கல் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும், தமிழ் எழுத்து மறந்துவிடலாகாது என்று பெண்ணைக் குடியாத்தத்தில் தாய்மாமன் வீட்டில் விட்டு அங்கேயே மேனிலை வகுப்புப் படிக்க வைத்தனர். நல்ல எண்ணமே, நாமும் அன்று பாராட்டினோம். பெண் நல்ல மதிப்பெண் பெற்றாள். பொறியியலுக்கு மனு எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

ஆந்திரத்தில் 1974ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் வழிவந்த விதிப்படி, நூற்றுக்கு 85 இடங்கள் உள்ளூர்ப் பகுதியினர்க்கு உரியவை. சித்தூரும் திருப்பதியும் வேங்கடேசுவரா பல்கலைக்கழகப் பகுதியில் அடங்கும். உள்ளூரார் எனப்படுவதற்கு, தகுதித் தேர்வு எழுதிய ஆண்டோடு முடியும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அப்பகுதியில் படித்திருக்கவேண்டும். இவள் கடைசி இரண்டாண்டு எல்லைக்கு அப்பால் படித்துவிட்டாள். பெற்றோர் பத்தாண்டு இங்கே குடியிருந்ததால் மீதி 15 இடங்களுக்குப் போட்டியிடலாம், அவ்வளவே. தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினால் அங்கே எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஐந்தாண்டும் அம்மாநிலத்தில் படித்திருக்கவேண்டும். இல்லையெனில் பிறப்பிடச் சான்றிதழ் கேட்கின்றனர். தந்தை பிறந்தது குடியாத்தம் என்றாலும் அதற்குரிய பழைய தாள்களைத் தேடி எடுத்து மனுச்செய்வதற்குள் நாள் கடந்துவிட்டது. சித்தூரிலிருந்து காட்பாடி ஒரு மணி நேரப் பயணம். அவ்வளவு குறுகிய வழியில் ஒரு பெண் இரண்டு மாநிலத்துக்கும் அயலாள் ஆகிவிட்டாள்.

1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும், 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும் நகர்ந்தது எல்லையே. குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அத்தகைய பழங்குடும்பத்தார் தங்கள் பாட்டனார் காலத்துப் பத்திரங்களையும் பள்ளிச் சான்றுகளையும் பரண்மேல் போட்டு வைக்காமல் எடுத்து ஒழுங்குசெய்வது நல்லது. பின்னர் வந்து குடியேறியவர் நிலை வேறு. ஒரு மாநிலத்துப் பிற்பட்டோர் பட்டியலில் உள்ள சாதி மற்றொன்றில் இல்லாதிருக்கலாம். பட்டியல் இனத்தாரும் குடிபெயர்ந்த மாநிலத்தில் அச்சலுகையைக் கோர இயலாதென்று, ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குச் சென்ற மாணவர் ஒருவரின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே எந்த மாநிலத்தில் கல்லூரி என்று முடிவுசெய்து, அந்தந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டைப் பார்த்துக்கொண்டு நடப்பதே உத்தமம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் யோசிப்பது காலங்கடந்த யோசனை.

நிர்வாக ஒதுக்கீட்டில் பெண்ணுக்கு இடம் இருந்தது. அதற்கு எந்த மானியமும் கிடையாது; முழுத் தொகையும் கையிலிருந்து. பாட்டியார் தம் கெம்புத் தோட்டைக் கழற்றி வைத்தார். உறவினர் ஒருவர், “பையன் படித்து முடிக்கட்டும், பெண் இரண்டாண்டு வீட்டில் இருந்தால் என்ன?” என்றார். இந்தச் சொல்லை நாம் அநேக இல்லங்களில் கேட்டிருக்கிறோம். இரண்டாண்டு வீட்டில் இருந்த பெண் மீண்டும் கல்லூரிக்குப் போனதை மட்டும் அதிகம் கண்டதில்லை. நம்மைக் கேட்டபோது, தோட்டையும் விற்கவேண்டாம், பெண்ணையும் நிறுத்தவேண்டாம் என்றோம். அரசினர் கலைக் கல்லூரியில் வேதியியல் பட்டப்படிப்புக்கு இடம் இருந்தது. சம்பளம் பொறியியலில் ஒரு சிறு பங்கு. வீட்டிலிருந்து நடந்தே போகலாம். திருப்பதியிலும் தேவஸ்தானத்தார் 1945இல் தொடங்கிய கலைக் கல்லூரி முதலாகக் குறைந்த செலவில் படிக்க இடங்கள் உள்ளன. 1983 முதல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இருக்கிறது. பொறியியல் அல்லாத படிப்பெல்லாம் தோற்றவர் படிப்பு என்னும் எண்ணம் நம்மவரிடை எப்படிப் புகுந்ததோ, அறியோம். 2015இல் திருப்பதியில் ஐ.ஐ.டி.யும் அறிவியல் ஆராய்ச்சிக் கல்வி நிலையமும் வந்தன. பி.எஸ்ஸி. முடித்தவர் ஐ.ஐ.டி.யில் முதுநிலை அறிவியல் சேரத் தனி நுழைவுத் தேர்வு உண்டு என்பதைப் பெண்ணே தேடி அறிந்து தந்தையிடம் சொன்னாள்.

அவளுக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும். முதல் வாரம் அண்ணனோடு பேசவில்லை. அவனும் விடுதியை விட்டு மாதச் சலுகைச் சீட்டில் ரயிலில் போய்வருவதாகச் சொல்லியிருக்கிறான். விடுதிப் பணம் மிச்சமானால் நான்காம் ஆண்டுக் கடனை முழுதும் எடுக்கவேண்டியதில்லை.

சென்ற ஞாயிறன்று அவ்வீட்டுக்குப் போயிருந்தோம். பெண் கல்லூரிப் பையைச் சுவரில் மாட்டிவிட்டு மாவுப் பொட்டலங்களுக்கு ரப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மையார் சீட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். “இனி ஆனியில் ஏலம் எடுப்பதில்லை, ஐயா, தையிலேயே எடுத்து வங்கியில் போட்டுவிடுவது என்று இருக்கிறோம்” என்றார்.