பெரம்பலூருக்கு எதற்கு டெர்மினல்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லப்படும் பேச்சு இது: டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையில்) ஓடும் ஏஐ நிரல் உதவியாளரெல்லாம் சென்னை, பெங்களூரு கம்பெனிக்காரர்களுக்கு, அதற்கு விலை கூடிய கணினி வேண்டும், அதுவே எழுதிக் கொடுப்பதால் இனி நிரல் படிப்பதும் வீண். இதில் எதையும் நான் ஏற்கவில்லை.

கணினிக் கவலை சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த வகை உதவியாளர்களாக 2025 பிப்ரவரியில் கிளாட் கோட், ஏப்ரலில் ஓபன்ஏஐயின் கோடெக்ஸ் சிஎல்ஐ, ஜூனில் கூகுளின் ஜெமினி சிஎல்ஐ வந்தன. கனமான வேலை அந்தந்த நிறுவனத்தின் சர்வரில் நடக்கிறது. நம்மிடமிருந்து போய்வருவது எழுத்து மட்டுமே. 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பும் போன் ஹாட்ஸ்பாட்டும் போதும். ஜெமினி சிஎல்ஐ வெளியானபோது சாதாரண கூகுள் கணக்குக்கே நாளுக்கு 1,000 கோரிக்கைகள் இலவசம்.

இந்த ஊர்களில் இதற்கு என்ன வேலை என்கிறார்கள். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. அதற்காக, யூனிகோட் அல்லாத வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டிய பழைய பட்டியல்கள் தாமாக மாறிவிடவில்லை. சின்ன வெங்காயமோ பருத்தியோ வாங்குகிற ஒரு கடையின் பத்து வருடக் கணக்கை அரட்டைப் பெட்டியில் ஒவ்வொன்றாக ஒட்டி மாற்ற முடியுமா? டெர்மினல் உதவியாளர் அந்த ஃபோல்டரிலேயே கோப்புகளைத் திறந்து, மாற்றும் நிரலை எழுதி, ஓட்டுமுன் அனுமதி கேட்கும். ஆனால் விவசாயிகளின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள கோப்பை அங்கே வைக்கவே கூடாது. படிக்கப்படுவது வெளியே போகிறது.

தமிழிலேயே கேட்கலாம். ஆனால் பல டெர்மினல்களில் கொம்பும் காலும் சிதறித் தெரியும். கேள்வியைத் தமிழில் ஒரு கோப்பில் எழுதி, அதைப் படிக்கச் சொன்னால் போதும்.

படிக்கவே வேண்டாம் என்பதுதான் பிள்ளைகளைக் கெடுக்கும் பேச்சு. பட்டியலில் ஊர்ப் பெயருக்கு 8 இடம் ஒதுக்கி உதவியாளர் நிரல் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அரியலூர்’ கண்ணுக்கு 5 எழுத்து, யூனிகோடில் 8 குறியீடு; சரியாக அடங்கிவிடும். சோதித்தவர் திருப்தியாக எழுந்துவிடுவார். ‘பெரம்பலூர்’ கண்ணுக்கு 6 எழுத்துதான். ஆனால் கொம்பு, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடு என்பதால் மொத்தம் 10. அது ‘பெரம்பலூ’ என்று அறுபட்டு அச்சாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. திருத்தத்தைக் காட்டும் சிவப்பு, பச்சை வரிகளைப் படித்து அந்த 8-ஐப் பிடிக்கத் தமிழும் தெரிய வேண்டும், நிரலும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டை ஒட்டி மதிப்பெண் வாங்கும் லேப் வகுப்பிலேயே திருத்தங்களைப் படிக்கப் பழக்கலாம். உதவியாளர் எழுதட்டும், ஒவ்வொரு திருத்தமும் ஏன் என்று மாணவர் ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். சொல்ல முடியாத வரிக்கு அனுமதி கொடுக்க வேண்டாம்.