விமானத்துல ஏறிட்டா விதி விட்ட வழிதானா?

ஒரு மாசமா இந்தப் பக்கம் எதுவும் எழுத முடியலைங்க. தேங்காய் வெட்டு முடிஞ்ச கையோட சிங்கப்பூர் போயிட்டு வந்தோம். மகள் அங்க குடியிருக்கா. ஜூன் மாச லீவுக்கு இங்க வந்திருந்த பேரனைக் கொண்டுபோய் விடற சாக்குல நானும் வீட்டுக்காரம்மாவும் பத்து நாள் இருந்துட்டு வந்தோம். சிங்கப்பூர் பெருமையை எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நான் எழுத வந்தது விமானத்துக்குள்ள உட்கார்ந்திருக்கிற அந்த நாலு மணி நேரத்தைப் பத்தி மட்டும்.

கிளம்பறதுக்கு முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்திருந்தார். ஜூன் 12-ல அகமதாபாத்ல விமானம் விழுந்த சேதி எல்லார் மனசுலயும் இருந்த நேரம். உள்ள இருந்த 242 பேர்ல ஒருத்தர்தான் பிழைச்சார். "மேல ஏறி உட்கார்ந்துட்டா நம்ம கையில என்னங்க இருக்குது, எல்லாம் அவன் விட்ட வழி" அப்படின்னார் அண்ணன். வீட்டுக்காரம்மா உடனே மாரியம்மனுக்கு ஒரு ரூபாயை மஞ்சத்துணியில முடிஞ்சு வெச்சுட்டாங்க. அதுல தப்பில்லை. ஆனா அண்ணன் சொன்னதை என்னால முழுசா ஒத்துக்க முடியலை.

அகமதாபாத் மாதிரி விபத்துல பயணி செய்யறதுக்கு ஒண்ணுமில்லைங்கிறது உண்மைதான். ஆனா எல்லா விபத்தும் அப்படி இல்லை. 1983-ல இருந்து 2000 வரைக்கும் தங்க நாட்டு விமானங்களுக்கு நடந்த விபத்துகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணக்கெடுத்துது. அந்த விபத்துகள்ல சிக்கின பயணிகள்ல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல உயிரோட வந்திருக்காங்க. அப்படின்னா விமானம் கோளாறு ஆன பிறகும் நாம செய்யறதுக்கு வேலை இருக்குதுன்னுதானே அர்த்தம்?

கோயம்புத்தூர் விமான நிலையத்துலயே முதல் பாடம் கிடைச்சுது. பெட்டி போடற இடத்துல அந்தப் பொண்ணு, "கொப்பரை ஏதாவது வெச்சிருக்கீங்களா சார்?"னு கேட்டா. மகளுக்காக ரெண்டு கிலோ தேங்காய்ப் பருப்பை வீட்டுக்காரம்மா துணிக்கு நடுவுல வெச்சிருந்தாங்க. எடுக்கச் சொன்னதும் முகம் வாடிப்போச்சு. "நாம என்ன வெடிகுண்டா கொண்டு போறோம்?"னு முணுமுணுப்பு வேற.

ஆனா நம்ம பக்கத்துக்காரங்களுக்கு இது தெரியாத விஷயமா? சரியாக் காயாத பருப்பைக் குவிச்சு வெச்சா ரெண்டு நாள்ல குவியலுக்குள்ள கை விட முடியுதா? கொதிக்கும். களத்துல நாம புரட்டி விட்டுக்கிட்டே இருக்கோம். விமானத்தோட வயித்துக்குள்ள யார் போய்ப் புரட்டுவாங்க? ஆபத்தான சரக்குகளுக்கான சர்வதேசப் பட்டியல்ல கொப்பரைக்குன்னு தனி எண்ணே இருக்குது, 1363. தானாகச் சூடேறும் பொருள்னு போட்டிருக்கும். பருப்பை வழியனுப்ப வந்த மச்சான்கிட்டயே திருப்பிக் கொடுத்தோம்.

பவர் பேங்க் கதையும் இதேதான். அதைக் கீழ போற பெட்டியில வைக்கக் கூடாது, கையில வெச்சுக்கணும். கீழ புகைஞ்சா யாருக்கும் தெரியாது, மேல புகைஞ்சா கண்ணுல பட்டு அணைச்சுடலாம். கையிலன்னா தலைக்கு மேல இருக்கிற பெட்டிக்குள்ள திணிக்கறதும் இல்லை. 2025 ஜனவரியில தென்கொரியாவுல கிளம்பத் தயாரா நின்ன ஒரு விமானத்துல அந்த மேல்பெட்டியிலதான் தீப்பிடிச்சுது. பவர் பேங்க்ல இருந்து வந்திருக்கலாம்னு விசாரணையில சொன்னாங்க. தரையில நின்னதால 176 பேரும் தப்பிச்சாங்க. நடுக்கடல் மேல போயிட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதேபோல செல்போன் சீட்டு இடுக்குல விழுந்தா சீட்டை முன்னும் பின்னும் ஆட்டித் தேடாதீங்க. நசுங்கினா அந்த பேட்டரியும் தீப்பிடிக்கும். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

விமானம் நகர ஆரம்பிச்சதும் பணிப்பெண்கள் கையைக் காலை ஆட்டி விளக்கம் சொன்னாங்க. சுத்திப் பார்த்தேன். பத்துல எட்டுப் பேர் செல்போனைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க. ஆக்சிஜன் மாஸ்க் பத்திச் சொல்லும்போது, "முதலில் நீங்கள் அணிந்துகொண்டு பிறகு குழந்தைக்கு அணிவியுங்கள்"னு அறிவிப்பு வந்துது. வீட்டுக்காரம்மா என் பக்கம் திரும்பி, "அதெப்படிங்க? பையனுக்குப் போடாம நான் போட்டுக்குவனா? பெத்தவ பண்ற காரியமா அது?"ன்னாங்க.

அப்பதான் எனக்கு எங்க ஊர்க் கிணறு ஞாபகம் வந்துது.

நான் எட்டாவது படிக்கும்போது நடந்தது. எங்களுக்குத் தெக்கால தோட்டத்துல ரொம்ப வருஷமாப் புழங்காம கிடந்த கிணத்தைத் தூர் எடுக்க இறங்கினாங்க. வழக்கமா ஒரு விளக்கைக் கயித்துல கட்டி உள்ள விட்டுப் பார்ப்பாங்க, அணைஞ்சா இறங்க மாட்டாங்க. அன்னைக்கு அவசரத்துல பார்க்கலை. முதல்ல இறங்கினவர் பாதியிலயே மயங்கி விழுந்துட்டார். மேல நின்ன அவரோட அண்ணன் ஒரு கணம்கூட யோசிக்கலை, "தம்பீ"ன்னு கத்திக்கிட்டே படியில இறங்கிட்டார். அவரும் வரலை. மூணாவதா இறங்கப் போன அவங்க பங்காளியை எங்கப்பா இடுப்பைக் கட்டிப் புடிச்சு நிறுத்தினார். "உன்னையும் சேர்த்து மூணு பொணம் தூக்க என்னால ஆகாதுடா"ன்னு அப்பா அழுதுட்டே கத்தினது இன்னும் என் காதுல இருக்குது. அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒரே நாள்ல எடுத்தாங்க. தம்பியைக் காப்பாத்தப் போன அண்ணனுக்குப் பாசம் குறைச்சலா? மூச்சுதான் இல்லை.

இதை வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன். அவங்களுக்கும் தெரிஞ்ச சம்பவம்தான், கல்யாணமாகி வந்த புதுசுல கேட்டிருக்காங்க. 35,000 அடி உயரத்துல விமானத்துக்குள்ள காத்தழுத்தம் போயிட்டா நமக்கு நிதானம் இருக்கிறது அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம்தான். பேரன் அழுது முரண்டு பண்ணி, அவனுக்கு மாட்டறதுக்குள்ள பாட்டி மயங்கிட்டா, அப்புறம் ரெண்டு பேருக்கும் யார் மாட்டறது? பாட்டி போட்டுக்கிட்டா அடுத்த அஞ்சு விநாடியில பேரனுக்கும் போட்டுடலாம். மாஸ்க்கை நல்லா இழுத்தாத்தான் காத்து வர ஆரம்பிக்கும். பை ஊதலைன்னாலும் காத்து வந்துட்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். விமானி 10,000 அடிக்கு இறக்கிட்டா சாதாரணமா மூச்சு விடலாம். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. "சரிங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

சாப்பாடு முடிஞ்சு பேரன் பாட்டி மடியில தலை வெச்சுப் படுத்துட்டான். படுக்கறதுக்கு இடைஞ்சலா இருக்குதுன்னு பெல்ட்டைக் கழட்டி விட்டிருந்தாங்க. பெல்ட் விளக்கும் அணைஞ்சுதான் இருந்துது. நான் அவனை எழுப்பி உட்கார வெச்சு பெல்ட் மாட்டினேன். "தூங்கற பையனை ஏன் எழுப்பறீங்க"ன்னு ஒரு பாட்டு வாங்கினேன். கால் மணி நேரம் இருக்கும், வங்காள விரிகுடா மேல விமானம் திடீர்னு கீழ இறங்கினாப்ல ஒரு குலுக்கல். எதிர் சீட்டுக்காரர் காபி அவர் சட்டை பூரா கொட்டிடுச்சு. கழிப்பறைக்கு எழுந்து நின்னவர் மேல்பெட்டியில தலையை இடிச்சுக்கிட்டு நெத்தி புடைச்சுது. அவ்வளவுதான், பெருசா ஒண்ணுமில்லை. ஆனா வீட்டுக்காரம்மா கை பேரனோட பெல்ட்டைப் புடிச்சது, சாங்கி வந்து இறங்கற வரைக்கும் விடலை.

2024 மே 21-ல லண்டன்ல இருந்து சிங்கப்பூர் போன விமானம் மியான்மருக்கு மேல 37,000 அடியில இதைவிட மோசமாச் சிக்குச்சு. 73 வயசுப் பயணி ஒருத்தர் இறந்துட்டார், பல பேருக்குத் தலையிலயும் முதுகெலும்புலயும் அடி. பெல்ட் விளக்கைப் போட்டாச்சுன்னு விமானி சொன்ன எட்டே விநாடியில அந்தத் தூக்கிப்போடல் வந்துடுச்சுன்னு விசாரணை அறிக்கையில இருக்குது. எட்டு விநாடியில போர்வைக்குள்ள பெல்ட்டைத் தேடி மாட்ட முடியுமா? அதனால விளக்கு எரியட்டும், எரியாம போகட்டும், உட்கார்ந்திருக்கிற நேரம் பூரா பெல்ட் இடுப்பெலும்பை ஒட்டி இறுக்கமா இருக்கணும். போர்வை போத்தினா பெல்ட் போர்வைக்கு மேல இருக்கட்டும்.

வாசல் விஷயமும் முக்கியம். உட்கார்ந்ததும் முன்னாடி வாசலுக்கு எத்தனை சீட்டு, பின்னாடி வாசலுக்கு எத்தனை சீட்டுன்னு எண்ணி வெச்சுக்கோங்க. கரண்டு போன ராத்திரியில மோட்டார் ரூமுக்கு நாம எப்படிப் போறோம்? கால் கணக்குலதானே. புகை சூழ்ந்தா அங்கயும் அதே கணக்குதான்.

ஓடற நேரம் வந்துட்டா பெட்டியைத் தொடவே கூடாது. 44 சீட்டுக்கு மேல இருக்கிற விமானம்னா, பாதி வாசல்களை வெச்சே 90 விநாடியில எல்லாரையும் வெளியேத்த முடியணும்னு சோதிச்சுத்தான் அனுமதி கொடுக்கறாங்க. அந்தக் கணக்குல பெட்டி எடுக்கற நேரம் கிடையாது. 2024 ஜனவரி 2-ல டோக்கியோ ஹனேடாவுல இறங்கின ஜப்பான் விமானம் ஒண்ணு, ஓடுபாதையில நின்ன கடலோரக் காவல்படை விமானத்து மேல மோதி எரிஞ்சுது. காவல்படை விமானத்துல இருந்த ஆறு பேர்ல அஞ்சு பேர் இறந்துட்டாங்க. பெரிய விமானத்துல எட்டு வாசல்ல மூணுதான் பயன்பட்டுது, ஒலிபெருக்கியும் வேலை செய்யலை. அப்படியும் 379 பேரும் வெளிய வந்தாங்க. பணியாளர்கள் சொன்னதைக் கேட்டாங்க, பெட்டியை விட்டுட்டு வந்தாங்க. நம்ம ஆளுங்களோ சக்கரம் நிக்கறதுக்குள்ள எழுந்து பெட்டியை இறக்கறோம். அவசரமே இல்லாத நாள்ல இந்தப் பழக்கம்னா, தீப்பிடிச்ச நாள்ல கை எங்க போகும்? அதுதான் எனக்குக் கவலை.

இன்னொண்ணு, மிதவைச் சட்டை. அதை விமானத்துக்குள்ள ஊதவே கூடாது, வாசலுக்கு வந்த பிறகுதான். 1996-ல கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவுக்குப் பக்கத்துல கடல்ல இறங்குச்சு. 175 பேர்ல 125 பேர் இறந்தாங்க. பல பேர் உள்ளயே சட்டையை ஊதிட்டதால தண்ணி ஏறும்போது கூரையோட ஒட்டி மிதந்து வெளிய வர முடியாமப் போயிட்டாங்க. முதுகுல சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினவங்களுக்கு இது சட்டுனு புரியும். குடுக்கை கட்டிக்கிட்டு முங்க முடியுமா?

பணிப்பெண்களைச் சொடக்குப் போட்டுக் கூப்பிடறவங்களையும் அன்னைக்குப் பார்த்தேன். காபி கொடுக்கறது அவங்களுக்கு ரெண்டாவது வேலைதான். ஆபத்துன்னா நம்மைக் கதவு வழியா வெளிய தள்ளறதுதான் முதல் வேலை. அவங்க பேசற அந்த மூணு நிமிஷம் செல்போனைக் கீழ வெச்சுக் கேளுங்க. நூறு தடவை போனவங்களும் கேளுங்க, விமானத்துக்கு விமானம் வாசல் மாறும்.

ஊருக்குத் திரும்பி வந்த மறுநாள் அண்ணன் வந்தார். அவரும் அண்ணியும் அடுத்த மாசம் துபாய்க்கு மகன்கிட்டப் போறாங்களாம். நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரம்மா அண்ணியைத் திண்ணையில உட்கார வெச்சு, "அக்கா, அந்தத் தெக்கால தோட்டத்துக் கிணறு ஞாபகம் இருக்குதா?"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணனும் வெத்தலையை மென்னுக்கிட்டே கேட்டுட்டு இருந்தார். விதியைப் பத்தி அன்னைக்கு அவர் பேசலை.

உங்க வீட்டுலயும் முதல் தடவையா விமானம் ஏறப் போற பெரியவங்க இருந்தா, இதை வாசிச்சுக் காட்டுங்க. தேங்காய்ப் பருப்பை மட்டும் மறக்காம வீட்டுலயே எடுத்து வெச்சுடச் சொல்லுங்க.

அடுத்த தடவை தென்னையில வெள்ளை ஈ பத்தி எழுதறேன். நம்ம தோட்டத்துல மறுபடியும் தலை காட்டியிருக்குது.